பொழுது சாய்வதற்குள் நாலு பை

புது நர்சுகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். ஒரு பெண் கையில் இருந்த பலகை போன்ற போனைக் காட்டி, "மேடம், இப்பல்லாம் நோட்டு கிடையாது. பேஷண்ட் அளவ மட்டும் தட்டினா போதும், நேரம் அதுவே போட்டுக்கும்" என்றாள். நேரத்தை யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். "அதுவேதான் மேடம்" என்றாள். நான் கத்த ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டு காபி கொடுத்தார்கள். மீதியை எழுதியே கொடுத்துவிடுகிறேன். இதையாவது கடைசி வரை படியுங்கள்.

என் பெயர் கஸ்தூரி. முப்பத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை. அதில் பிற்பாதி முழுக்கத் திருவண்ணாமலையில், வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். பிறகு சென்னையில் ஆறு வாரம் இந்த டயாலிசிஸைக் கற்றுக்கொண்டு வந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்த அம்மா முதல் நாளே ஒன்றைச் சொன்னார். நோயாளியின் உயிர் இருப்பது கிட்னியில் இல்லை, அது போய்விட்டது. இனிமேல் வயிற்றுச் சவ்வில்தான் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மீதி வருஷங்களை எல்லாம் செலவழித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வயிற்றுக்குள் குடலையெல்லாம் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கிட்னி செயலிழந்தவரின் வயிற்றில் ஒரு குழாயை நிரந்தரமாக வைத்து, அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விடுவோம். அந்த நீரில் சர்க்கரை இருக்கும். சர்க்கரை உடம்பில் தேங்கியிருக்கிற தண்ணீரையும் அழுக்கையும் சவ்வு வழியாக இழுக்கும். சில மணி நேரம் கழித்து வெளியே வடித்துவிட்டு அடுத்த பை. தினமும் நாலு பை. வீட்டிலேயே, நோயாளியே செய்துகொள்ளலாம்.

எங்களிடம் இருந்த பைகளில் மூன்று நிறம். மஞ்சளில் சர்க்கரை கம்மி. பச்சையில் நடுத்தரம். சிவப்பில் ஜாஸ்தி. சிவப்புப் பை போட்டால் தண்ணீர் நன்றாக இழுக்கும். கால் வீக்கம் ஒரே நாளில் வற்றும், மூச்சு வாங்குவது நிற்கும். அதனால் எல்லோருக்கும் சிவப்பு பிடிக்கும். டாக்டர்களுக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. வெள்ளை வேட்டியைத் தினமும் வெல்லப்பாகில் ஊறவைத்து எடுத்தால் அது வேட்டியாகவா இருக்கும்? விறைத்துப்போகும். சவ்வும் அப்படித்தான். அதிகச் சர்க்கரையில் வருஷக் கணக்கில் ஊறினால் தடித்துப்போகும், தழும்பேறும். ஒரு நாள் தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிடும். நடுவில் கிருமி வேறு புகுந்து புண்ணாக்கினால் இன்னும் சீக்கிரம்.

கிருமி விஷயத்தில் நான் கெட்ட பெயர் எடுத்தவள். பை மாற்றும் அறையில் ஃபேன் ஓடினால் நான் நோயாளியிடம் பேசமாட்டேன், நேராக சுவிட்சிடம் போவேன். ஜன்னலைச் சாத்த வேண்டும். முகக்கவசம் போட வேண்டும். மேஜையைத் துடைக்க வேண்டும். மோதிரம், வளையல், கயிறு எதுவும் கையில் இருக்கக் கூடாது. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் அடி, மணிக்கட்டு என்று சோப்புப் போட்டு இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும். கழுவிய கையால் குழாயை மூடக் கூடாது, முழங்கையால் மூட வேண்டும். பையின் தேதியைப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, ஒழுகுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றிய முனை எதன் மேலாவது பட்டால் அந்தப் பை குப்பைக்கு. "லேசாத்தான் சிஸ்டர் பட்டுது" என்பார்கள். லேசாக ரயில் மோதினாலும் ரயில்தான் என்பேன்.

வடிந்த பையை ஸ்பிரிங் தராசில் மாட்டி எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு லிட்டர் போய் இரண்டேகால் வந்தால் சவ்வு வேலை செய்கிறது. இரண்டு போய் ஒன்றேமுக்கால் வந்தால் விட்ட தண்ணீரையே உடம்பு குடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நோட்டுக்குப் படிவம் தயாரித்தது நான்தான். நாலு கட்டம்: காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்தரை, இரவு பத்து. பார்க்க அழகாக இருந்தது. அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கொடுத்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் மாசிலாமணி. குரலை உயர்த்தாத மனிதர். நான் பத்து வார்த்தை கத்தினால் அவர் ஒரு வார்த்தை சொல்வார், பெரும்பாலும் அது "பார்க்கலாம்" என்பதாக இருக்கும். மருந்துச் சீட்டை முதலில் பென்சிலில் எழுதுவார். ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் மேலே பேனாவால் எழுதுவார். வடிந்த பை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அதன் பின்னால் செய்தித்தாளை வைத்துப் படித்துக் காட்டுவார். எழுத்து தெரிந்தால் கிருமி இல்லை. மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் படிப்பார்கள். இவர் பொடி எழுத்து வரி விளம்பரத்துக்குத்தான் போவார். "செங்கம் ரோட்டில் மாடி போர்ஷன் வாடகைக்கு, சைவம் மட்டும்" என்று முழுதாக வாசித்துவிட்டு, "வயிறு சுத்தமா இருக்கு. வீடுதான் நமக்குத் தரமாட்டாங்க போல" என்பார். நோயாளி சிரிப்பார். எனக்குக் கோபம் வரும், வெளியே பதினேழு பேர் காத்திருக்கும்போது வாடகை வீடு எதற்கு என்று. ஆனால் அவர் பார்த்த பையில் எதுவும் தப்பியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செல்வம் என்று ஒருவர் இருந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், வேன் ஓட்டுபவர். சவாரிக்குப் போகிற இடத்திலெல்லாம் டீ, பஜ்ஜி, ஊறுகாய்ச் சோறு. கால் வீங்கும். வருவார். சிவப்புப் பை எழுதித் தரச் சொல்லுவார். "டாப் கியர் சிஸ்டர் அது. போட்டா மேட்ல ஏறிடுது" என்பார். டாக்டரும் எழுதிக் கொடுத்தார். நானும் எடுத்துக் கொடுத்தேன். தினம் இரண்டு சிவப்பு, மூன்றரை வருஷம். பிறகு சிவப்பும் இழுக்கவில்லை. சவ்வு தடித்துக் குடலையே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டது இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்கு மாற்றினோம், பயனில்லை. எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தார். அவர் செத்ததற்கு அவரது டீயைக் குறை சொல்லிக்கொண்டு நானும் டாக்டரும் ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் சுலோசனா வந்தார்.

கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஜைன கிராமம். கணவர் தரணேந்திர நயினார், நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிரிடுகிறவர். சுலோசனாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஏற்கெனவே மெஷினில் டயாலிசிஸ் செய்து பார்த்தவர். அதற்காகக் கையில் ரத்தக்குழாயை இணைத்து இரண்டு முறை அறுவை செய்திருந்தார்கள், இரண்டும் அடைத்துப்போயின. கழுத்து வழியாகப் போட்ட குழாயால் நெஞ்சுப் பக்கம் போகிற பெரிய ரத்தக்குழாயும் சுருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால் அவருக்கு மெஷின் இனி கிடையாது. மாற்றுக் கிட்னிக்கும் பொருத்தமான ஆள் இல்லை. இருப்பது வயிற்றுச் சவ்வு ஒன்றுதான். அது போனால் ஆளும் போனார்.

பத்து நாள் அவருக்கும் நயினாருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகக் கை கழுவிய இரண்டு பேரைப் பார்த்ததில்லை. குடிக்கிற தண்ணீரையே துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீடு. நான் சொல்வதற்கு முன்பே ஃபேனை நிறுத்தினார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, பையில் இருக்கிற சர்க்கரையும் உடம்பில் சேரும், அதுவும் சாப்பாடுதான், அதற்குத் தக்கபடி சோற்றைக் குறையுங்கள் என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான். சுலோசனா தலையை ஆட்டினார்.

முதல் ஆறு மாதம் நன்றாகப் போனது. ஏழாம் மாதத்திலிருந்து சிறுநீர் கொஞ்சம் குறைந்தது, கால் வீங்க ஆரம்பித்தது. நோட்டைப் பார்த்தால் பகல் பைகள் எல்லாம் நன்றாக வடிகின்றன. இரவு பத்து மணிக்குப் போட்டுக் காலையில் எடுக்கிற பை மட்டும் போனதைவிடக் கம்மியாகத் திரும்புகிறது. டாக்டர் இரவுக்கு மஞ்சளை மாற்றிப் பச்சை எழுதினார். கொஞ்ச நாள் தாங்கியது. மறுபடி வீக்கம். அப்புறம் பென்சிலை எடுத்தார், சிவப்பு என்று எழுதினார், ஒரு நிமிஷம் பார்த்தார், பேனாவால் எழுதினார்.

"மறுபடியுமா சார்" என்றேன்.

"எட்டு மணி நேரத்துல பச்சையே திரும்பலன்னா சவ்வு வீக்காயிடுச்சுன்னு அர்த்தம் கஸ்தூரி. மூச்சுத் திணறி விழறத பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

சவ்வைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஒரு பையை உள்ளே விட்டு நாலு மணி நேரம் வைத்து, நடுநடுவே எடுத்து, ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அதைச் செய்ய வைத்தேன். முடிவு வந்தது. சவ்வு கொஞ்சம் வேகமாகச் சர்க்கரையை உறிஞ்சுகிற ரகம், ஆனால் கெட்டுப்போகவில்லை. அந்தச் சவ்வுக்கு எட்டு மணி நேரத்தில் பச்சை இவ்வளவு மோசமாகத் திரும்ப வாய்ப்பில்லை. சோதனை ஒன்று சொல்கிறது, நோட்டு வேறு சொல்கிறது. டாக்டர் "பார்க்கலாம்" என்றார். நான் பார்க்கத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். திருட்டுத்தனமாக உப்புத் தின்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். செல்வம் செய்தது போலத்தான். வாரா வாரம் சுலோசனாவை வார்டில் நிற்க வைத்துத் திட்டினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே எனக்குச் சாட்சியாகப் போயிற்று.

பௌர்ணமி அன்று நான் வீடுகளுக்குப் போவதில்லை. ஊருக்குள் பஸ் நுழையாது, எல்லாவற்றையும் வெளியிலேயே திருப்பிவிடுவார்கள், கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோவும் நகராது. இது எல்லா நோயாளிகளுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு பௌர்ணமி அன்று சுலோசனா வீட்டுக்குப் போனேன். வேங்கிக்கால் வரை நடந்து, அங்கிருந்து கூட்டத்துக்கு எதிராகப் போகிற ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, நான் போய்ச் சேரும்போது மணி ஆறேமுக்கால். இருட்டி விளக்குப் போட்டிருந்தார்கள்.

நயினார் பதறிப்போனார். "சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா சிஸ்டர். அடுப்ப அணைச்சாச்சு, சாப்பாடு முடிஞ்சுது. ஒரு வாய் காபிகூடத் தர முடியாதே."

"நான் திங்க வரல. ஊறுகாய் எங்க வச்சிருக்கீங்க?"

சுலோசனா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நீங்க சொன்ன அன்னைக்கே பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேங்க. அவங்களுக்கும் இப்ப பிரஷர் வந்துடுச்சாம்."

நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போனேன். அடுப்பு ஜில்லென்று இருந்தது. ஒரு டப்பா விடாமல் திறந்து பார்த்தேன். ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. உப்பு டப்பாவே மேல் பலகையில் எட்டாத இடத்தில் இருந்தது. ஒரு நாள் தண்ணீருக்கு அரை லிட்டர் சொம்பு ஒன்று, அதில் பாதிக்குமேல் மீதி. தோற்றுப்போன கோபத்தோடு பின்கட்டுக்கு வந்தேன். அங்கே குப்பை வாளி இருந்தது. அன்றைய காலிப் பைகளை அதில் மடித்து வைத்திருந்தார்கள். எண்ணினேன். நாலு.

மணி ஏழு. பத்து மணிக்குப் போட வேண்டிய பையும் அதில் இருந்தது. சிவப்பு.

"நாலாவது எப்போ போட்டீங்க?"

"அஞ்சரைக்கு" என்றார் சுலோசனா. "சாப்பிடறதுக்கு முன்னாடி."

"நாளைக்குக் காலைல எப்போ எடுப்பீங்க?"

"குளிச்சு, கோயிலுக்குப் போயிட்டு வந்து. ஏழரை ஆவும்."

பதினாலு மணி நேரம். அத்தனை சர்க்கரையும் ராத்திரி முழுக்க அந்தச் சவ்வில் ஊறுகிறது. முதல் நாலைந்து மணி நேரத்தில் இழுத்த தண்ணீரையெல்லாம் மீதி நேரத்தில் உடம்பு திரும்பக் குடித்துவிடுகிறது. சவ்வு கெடவில்லை. நாங்கள்தான் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்குப் போடாமல் ஏன் அஞ்சரைக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

சுலோசனா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இருட்டுனப்புறம் நாங்க சாப்பிடமாட்டோங்க. இதுவும் சாப்பாடுன்னு நீங்கதானே சொன்னீங்க. சர்க்கரை உடம்புல சேருது, அதுக்குத் தக்க சோத்தக் கம்மி பண்ணுன்னு. அப்ப ராத்திரில எப்படி உள்ள வுடறது?"

நோட்டை எடுத்து வரச் சொன்னேன்.

நயினார் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரவு பத்து என்று அச்சடித்த கட்டத்தில் நாலாவது பையின் அளவு அழகான கையெழுத்தில் இருந்தது. "நேரம் நீங்க அச்சடிச்சது சிஸ்டர். நாலாவது பைய நாலாவது கட்டத்துல எழுதுனேன். வேற கட்டம் இல்லியே. நேரத்த அடிச்சுத் திருத்தலாமான்னு யோசிச்சேன், ஆஸ்பத்திரி நோட்டாச்சேன்னு வுட்டுட்டேன்."

எட்டு மாதமாக நான் படித்துப் படித்துத் திட்டிய நோட்டு என் பொய்யைத்தான் எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறது. அவர்கள் ஒரு எழுத்துக்கூடத் தப்பாக எழுதவில்லை.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "உயிர் பெருசா, உங்க வழக்கம் பெருசா" என்று இன்னும் மோசமான ஒன்றைக் கேட்டேன்.

"ரெண்டும் என்னுதுதான்" என்றார் சுலோசனா. "ரெண்டையும் காப்பாத்த வழி தெரிஞ்சா சொல்லுங்க சிஸ்டர். தெரியலன்னா சும்மா திட்டாதீங்க. எட்டு மாசமா கேட்டாச்சு."

அந்தக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தேன். முதல் முறையாகத் திட்டாமல் யோசித்தேன். உள்ளே விடுவது சாப்பாடு என்றால் வெளியே எடுப்பது?

கேட்டேன். நயினார் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். சுலோசனா யோசிக்கவே இல்லை. "ஒண்ணுக்குப் போறதுக்கு இருட்டு வெளிச்சம் பாக்கறமா?" என்றார்.

அன்று ராத்திரியே எட்டரை மணிக்கு, நான் கையோடு கொண்டுபோயிருந்த காலி வடிபையை மாட்டி, வயிற்றில் இருந்ததை முழுக்க வெளியே எடுத்தோம். இரண்டே முக்கால் லிட்டர் வந்தது. நயினார் ஸ்பிரிங் தராசை இரண்டு முறை பார்த்தார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னைக் கேட்டார். கட்டம் எல்லாவற்றையும் குறுக்கே அடித்துவிட்டு மணியோடு எழுதச் சொன்னேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். திட்டம் இதுதான்: வெளிச்சம் வந்த பிறகு ஆறரைக்கு முதல் பை. பத்து, ஒன்றரை, ஐந்து என்று மற்ற மூன்று. ராத்திரி எட்டரைக்கு வடித்துவிட்டு வயிற்றைக் காலியாக வைப்பது. சவ்வுக்குத் தினமும் பத்து மணி நேரம் ஓய்வு. மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றினால் இவருடைய வேகமான சவ்வுக்கு மஞ்சளே போதும், சிவப்பே வேண்டாம்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்கக் காலியாக விட்டால் அழுக்கை யார் எடுப்பது, யூரியாவும் பொட்டாசியமும் ஏறினால் என்ன செய்வது என்றார். தினமும் ஒரு இணைப்பு ஜாஸ்தி, கிருமி புகுவதற்கு ஒரு வாசல் ஜாஸ்தி என்றார். எல்லாம் சரியான கேள்விகள். நான் சரியான பதில் எதுவும் சொல்லவில்லை, கத்தினேன். அவர் வழக்கம் போல, "சரி, பார்க்கலாம்" என்றார்.

"பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லித்தான் சார் செல்வத்தப் பாத்தோம்."

அறையில் இருந்த இன்னொரு நர்ஸ் எழுந்து வெளியே போய்விட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்க. நான் எங்க தப்புன்னு சொல்றேன்."

ஒரு மணி நேரம் எழுதினோம், அழித்தோம். ஒரு நாள் முழுக்க வரும் சிறுநீரையும் வடிநீரையும் பிடித்து அழுக்கு எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. சிறுநீர் குறையாமல் இருக்க மாத்திரை. பருப்பு, பயறு தாராளமாக. ஒரு மாதத்தில் அழுக்கு ஏறினால் நான் வாய் பேசாமல் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும். சுலோசனா வீட்டிலிருந்த சிவப்புப் பைகள் அத்தனையையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கடைசியில் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் டாக்டர் பேனாவால் எழுதினார். ஒரு நிமிஷம் எல்லாம் காத்திருக்கவில்லை.

முதல் வாரம் கால் வீக்கம் பாதி. மூன்றாம் வாரம் கணுக்கால் எலும்பு தெரிந்தது. "இத பாத்து ஒரு வருஷம் ஆச்சு" என்று சுலோசனா காலை நீட்டி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மாதக் கடைசியில் அழுக்கின் அளவு எல்லைக்குள் இருந்தது. ஆறு மாதம் கழித்துச் செய்த சோதனையில் சவ்வின் வேகம் ஒரு படி இறங்கி நிதானத்துக்கு வந்திருந்தது. ஓய்வு கொடுத்தால் சவ்வு தேறும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். காகிதத்தில் அச்சாகி என் கைக்கு வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய்க் காட்டினேன். கேண்டீன்காரரிடம்கூடக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் காட்டினேன்.

நேரம் அச்சடித்த படிவக் கட்டுகளை நானே கிழித்துப் போட்டேன். புதுப் படிவத்தில் நேரத்துக்கு வெறும் கட்டம். நோயாளி கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். முதல் பயிற்சி நாளில் நான் கேட்கிற கேள்விகளும் மாறின. எப்போது எழுந்திருப்பீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது சாப்பிடமாட்டீர்கள், விரதம் உண்டா, நைட் ஷிஃப்டா. இவ்வளவையும் கேட்ட பிறகுதான் பையைக் கையில் எடுப்பேன். அப்புறம் நான் பார்த்துக்கொண்ட யாருக்கும் சிவப்புப் பை மூன்று நாளுக்கு மேல் போனதில்லை. போக விடவில்லை. டாக்டர் அதை எழுதினால் என்னைக் கூப்பிட்டுக் காரணம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார்.

ஒன்பது வருஷம் ஓடியது. நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஒரு காலையில் நயினார் போன் செய்தார். இரண்டு லிட்டர் உள்ளே போனது, முந்நூறு மில்லிதான் வெளியே வந்தது. சுலோசனா புரண்டு படுத்துப் பார்த்தார், நடந்து பார்த்தார், வரவில்லை.

வரச்சொன்னோம். குழாயில் மருந்து விட்டுப் பார்த்தோம், மலச்சிக்கலுக்குக் கொடுத்துப் பார்த்தோம், இரண்டு நாள் ஆகியும் வடியவில்லை. புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் என் காதில் படும்படியே சொன்னார்: பத்து வருஷம் ஆகப்போகிறது, சவ்வு தழும்பேறி எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும், இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்காததற்குக் காரணம், எனக்கும் அதே பயம்.

வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. டாக்டர் மாசிலாமணி அப்போது வாரம் இரண்டு நாள்தான் வருவார். அன்று அவர் வருகிற நாள் இல்லை, வந்தார். சுலோசனா தள்ளுவண்டியில் போகும்போது என் கையைப் பிடித்தார். "உள்ள கெட்டுப் போயிருந்தா எங்கிட்ட சொல்லுங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். சரி என்றேன். நயினார் வெளியே பெஞ்சில் ஒன்பது வருஷ நோட்டுகளை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை.

பதினாறு வருஷத்துக்கு மேல் நான் காப்பாற்றிய பொருளை அதுவரை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. யாருக்கும் வயிற்றைத் திறந்து சவ்வு எப்படி இருக்கிறது என்று காட்டமாட்டார்கள். வடிகிற தண்ணீரைப் பார்த்து, எடையைப் பார்த்து, காலைப் பார்த்து ஊகிப்பதுதான். அன்று அறுவை அரங்கில் மூலையில் நின்றேன். வயிற்றுக்குள் காற்றை நிரப்பினார்கள். கேமரா உள்ளே போனது. திரையில் முதலில் மங்கலாக இருந்தது, துடைத்துவிட்டு மறுபடி விட்டார்கள்.

பளபளவென்று இருந்தது. சவ்வு மெல்லிய இளஞ்சிவப்பில், ஈரமாக, அதன் அடியில் ஓடுகிற பொடி ரத்தக்குழாய்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகிற மாதிரி. தழும்பு இல்லை. எதுவும் ஒட்டவில்லை. குடல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கீழே, குடலுக்கு முன்னால் தொங்குகிற கொழுப்புத் திரை குழாயின் முனையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. இளம் டாக்டர் மெதுவாக, "எத்தன வருஷம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுவை மருத்துவர் கொழுப்பைப் பிரித்தெடுத்து மேலே தைத்தார். உப்பு நீரை விட்டுப் பார்த்தார்கள், குழாயில் தடதடவென்று திரும்பி வந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவர் சவ்வின் மேல் இடுக்கியால் லேசாகத் தட்டிக் காட்டி, "எவ்வளவு சாஃப்டா இருக்கு பாருங்க" என்றார்.

"அதத் தொடாதீங்க சார்" என்று கத்தினேன்.

மயக்க மருந்து கொடுப்பவர் திரும்பிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டாக்டர் மாசிலாமணி கவசத்துக்குள்ளிருந்து, "எடுத்துடுங்க டாக்டர். அது அவங்களுது" என்றார். இடுக்கி வெளியே வந்தது.

நயினாரிடம் போய், குழாயில்தான் அடைப்பு, சவ்வு நன்றாக இருக்கிறது என்றேன். அவர் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், நோட்டுப் பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் சுலோசனா கண் விழித்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். என் கண்ணால பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"என்னோடத விட நல்லா இருக்கும்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தையல் போட்டிருக்கு, சிரிக்காதீங்க" என்று அதட்டினேன்.

"நீங்க மட்டும் சிரிக்கறீங்க" என்றார்.